ஆழ்ந்த துக்கத்துடன் நாலாயிரம் பனியன்

நல்லூர், திருப்பூர்.
12.6.2003

அன்புத் தங்கை அனுசுயாவுக்கு,

அக்கா நாகஜோதி எழுதுவது. நான் இங்கே சௌகரியமாக இருக்கிறேன். அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? இந்த வாரம் பள்ளிக்கூடத்தில் யாரை அழவைத்தாய்?

தங்கியிருப்பது நல்லூரில், காத்தூன் பீவி என்கிற அக்காவின் மாடி அறையில். என்னோடு இன்னும் இரண்டு பெண்கள். வேலை வீரபாண்டியில். கம்பெனியின் கீழ்த்தளத்தில் தையலும் பேக்கிங்கும், மேலே ஆஃபீஸ். காத்தூன் அக்கா கீழே பேக்கிங்கைப் பார்த்துக்கொள்கிறார், நான் மேலே. எனக்கென்று ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கால் ஆடும் ஒரு நாற்காலி. வெளிநாட்டுப் பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிறவர்களுக்கு, மெயில் எழுதுவதுதான் வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்களாம்.

அப்பா பஸ் ஸ்டாண்டில் சொன்னதை நீயும் கேட்டாய். "ஆபீஸ்ல எழுதற வேலைன்னா இரு கண்ணு. பீஸ் அடுக்கற வேலைன்னா அன்னைக்கே பஸ் ஏறிரு. உங்கம்மா மில்லுல எட்டு வருசம் இருந்து வாங்கிட்டு வந்தது போதும்." அதை நினைத்துக்கொண்டேதான் தினமும் படியேறுகிறேன். பி.ஏ. முடித்து இரண்டு வருடம், அந்தச் சான்றிதழைக் கரையான் அரிக்காமல் காவல் காத்ததுதான் நான் வீட்டில் பார்த்த உத்தியோகம். அதற்குத் திரும்பி வர எனக்கு மனமில்லை.

இப்போது விஷயம். எனக்கு இங்கிலீஷ் வார்த்தைகள் தெரியும். எது எதோடு சேரும் என்பதுதான் தெரியவில்லை. மழையால் லாரி வரவில்லை என்பதற்கு 'பிக் ரெயின்' என்று எழுதினேன். மேனேஜர் கந்தவேல் சார் சிவப்பு மையில் சுழித்து, 'ஹெவி ரெயின்' என்று திருத்தினார். "ஏனுங்க சார், பிக்குன்னாலும் பெருசுதானுங்களே?" என்றேன். "பெருசுதான்மா. ஆனா அப்படி யாரும் எழுத மாட்டாங்க" என்றார். யார் எப்படி எழுதுவார்கள் என்று எந்த அகராதியில் பார்ப்பது? நீதான் காகிதம் கிடைத்தால் எதையும் படிப்பவள் ஆயிற்றே. பார்த்து அனுப்பு. தமிழ் எழுத்திலேயே எழுது, படிக்கும்போதே வாயில் வர வேண்டும்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் வணக்கம்.

உன் அக்கா,
நாகஜோதி

*

உடுமலைப்பேட்டை.
20.6.2003

மேன்மை பொருந்திய, மேசையும் பொருந்திய அக்காவுக்கு,

இவ்விடம் நலம். அம்மா இருமுகிறாள், என்னைத் திட்டும்போது மட்டும் இருமல் வருவதில்லை. அப்பா சாப்பிடுகிறார். அழவைத்தவர்கள் பட்டியல் நீளம், இன்லண்டில் இடம் போதாது.

உன் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டேன். அழகுமலை அண்ணன் கடையில் பொட்டலம் மடிக்கப் பழைய இங்கிலீஷ் பேப்பர்தான் வருகிறது. நேற்றுப் போய், "ஏனுங்கண்ணா, அரைக்கிலோ துவரம்பருப்பக் கொஞ்சம் நல்ல செய்தியாப் பார்த்துக் கட்டுங்க" என்றேன். "உனக்குப் பருப்பு வேணுமா, பேப்பர் வேணுமா கண்ணு?" என்றார். "ரெண்டும் வேணுமுங்க. பருப்பு அம்மாளுக்கு, பேப்பர் அக்காளுக்கு." சிரித்துக்கொண்டே நாலு தாள் சேர்த்துக் கொடுத்தார்.

படித்துப் பார்த்ததில் தெரிந்தது என்னவென்றால், இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு நம் சொந்தக்காரர்களைவிடக் கெடுபிடி அதிகம். பெண் கொடுப்பதென்றால் ஒரே வீட்டில்தான் கொடுக்கும். மழைக்கு 'ஹெவி'. டீக்கு 'ஸ்ட்ராங்'. காற்றுக்கும் 'ஸ்ட்ராங்'. ஆகையால் டீயும் காற்றும் பங்காளிகள். 'ஃபாஸ்ட்' என்றால் ஓடுகிற வேகம் என்று நினைத்தால், தூங்குகிறவனையும் 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்கிறார்கள். நம் கணக்கு வாத்தியார் அப்படித்தான். தப்பை 'மேக்' பண்ணுகிறார்கள், ஹோம்வொர்க்கை 'டூ' பண்ணுகிறார்கள். நான் தப்பை மட்டும் ஒழுங்காகச் செய்கிறவள், ஆகவே எனக்கு 'மேக்' ஒன்றே போதும்.

ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். ஒரு ஜோடியை மூன்று வெவ்வேறு வாக்கியங்களில் பார்த்தால்தான் நோட்டில் ஏற்றுவேன். மூன்று சாட்சி இல்லாமல் இங்கே கல்யாணம் பதிவாகாது. 'பே அட்டென்ஷன்' பதிவாகிவிட்டது. கவனத்தைச் 'செலுத்துவது', நம் ஊரைப் போலவேதான். 'கீப் எ ப்ராமிஸ்' ஆயிற்று. 'மீட் த டெட்லைன்' ஆயிற்று. கெடுவைப் போய் எதிரில் சந்திக்கிறார்களாம், மாமனாரைப் பார்ப்பது மாதிரி.

மீதி அடுத்த பருப்பில்.

வாலுள்ள தங்கை,
அனு

*

நல்லூர்.
9.7.2003

அன்பு அனுவுக்கு,

நலம். உங்கள் எல்லோர் நலமும் அறிய ஆவல். இங்கே தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான், மற்றபடி குறையில்லை.

உன் ஜோடிகள் எல்லாம் இங்கே குடித்தனம் நடத்துகின்றன. சாயத்தின் ஷேடு பற்றி டென்மார்க்கிலிருந்து ஒரு கேள்வி வந்தது. 'பே க்ளோஸ் அட்டென்ஷன்' என்று போட்டு எழுதினேன். கந்தவேல் சார் படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை மூடினார்.

"இத யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"என்ற தங்கச்சிங்க சார்."

"எந்தக் கம்பெனில இருக்கறாங்க?"

"ப்ளஸ் ஒன் படிக்கறாளுங்க சார்."

மெயிலை மறுபடி ஒரு தடவை படித்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் டீ வந்தபோது எனக்கும் ஒரு வடை வைக்கச் சொன்னார். நான் அதைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து அறையில் வைத்துத் தின்றேன். ஏன் என்று கேட்காதே. தனியாகத் தின்ன வேண்டும் போலிருந்தது.

இன்னும் அனுப்பு. நீ சொன்னதென்றால் நான் அகராதியைக்கூடப் புரட்டுவதில்லை.

அம்மாவைச் சுக்குக் கஷாயம் குடிக்கச் சொல்.

அக்கா

*

உடுமலைப்பேட்டை.
16.7.2003

வடை வாங்கிய வீராங்கனைக்கு,

எல்லோரும் சுகம். கஷாயத்தைக் குடிக்கச் சொன்னேன். "அவள வந்து வெச்சுக் குடுக்கச் சொல்லு" என்றாள் அம்மா. பிறகு, "வேண்டாம், அவ அங்கயே இருக்கட்டும்" என்று தானே சொல்லிவிட்டுக் குடித்தாள்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு நான்தான் வாசிக்கிறேன். அவர் அதைப் பக்கத்து வீட்டுத் தங்கவேலு மாமாவுக்கு ஒப்பிக்கிறார். நான் வாசிப்பது ஒரு பக்கம், அவர் ஒப்பிப்பது மூன்று பக்கம். உன் வடை நேற்றோடு விருந்தாகிவிட்டது. "டென்மார்க்குக்காரனுக்கு எம்பொண்ணு ஒரு வரி எழுதினா அவன் பத்து வரி எழுதறான்" என்கிறார். "அங்க எங்க இருக்குதுங்க அந்த டென்மார்க்கு?" என்று மாமா கேட்டதற்கு, "வீரபாண்டி தாண்டிப் போகோணும்" என்றார். பொய்யில்லை பார்.

தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு எப்போதாவது திருப்பூர் வந்தால், உன் மேசையைப் பார்க்க வருவாராம்.

பள்ளிக்கூடத்தில் ஒரு சின்னச் சம்பவம். எங்கள் வகுப்பு முனீஸின் இங்கிலீஷ் லீவு லெட்டரை நான்தான் எழுதிக் கொடுத்தேன். எல்லா வார்த்தையும் சரி. ஒரே ஒரு தகவல்தான் கூடுதல்: காய்ச்சல் அவனுக்கில்லை, அவன் ஆட்டுக்கு. ஆட்டுக்கு மருந்து எழுதிக் கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார் டீச்சர். முனீஸ் என்னோடு பேசுவதில்லை. இரண்டு நாளில் பேசிவிடுவான்.

அனு

*

நல்லூர்.
4.8.2003

அனுவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இது அவசரம்.

டென்மார்க் ஆர்டரில் நாலாயிரம் பீஸ் துணி சாயத்தில் கெட்டுப்போய்விட்டது. அடர் நீலம் கேட்டார்கள், கறுப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மறுபடி நெய்து, மறுபடி சாயம் போட்டு, கப்பலுக்கு அனுப்பப் பத்து நாள் தாமதமாகும். இதைப் பையரிடம் சொல்ல வேண்டும். கந்தவேல் சார் பேங்க் வேலையாக மூன்று நாள் கோயம்புத்தூர் போகிறார். "நீயே எழுதி அனுப்பிரும்மா, வருத்தமாச் சொல்லு, அவங்க மனசு கஷ்டப்படாம சொல்லு" என்று என்னிடமே விட்டுவிட்டார். 'ஸாரி' என்று ஒரு வார்த்தைதான் எனக்குத் தெரியும். நாலாயிரம் பீஸுக்கு ஒரு ஸாரி காணுமா? கெட்ட செய்தியை மரியாதையாகச் சொல்ல இங்கிலீஷ்காரர்கள் எந்த வார்த்தைகளைச் சேர்க்கிறார்கள் என்று பார்த்து உடனே எழுது.

இது நல்லபடியாகப் போனால் அடுத்த மாதம் நிரந்தரம்.

அக்கா

*

உடுமலைப்பேட்டை.
6.8.2003

பதறாத அக்காவுக்கு,

நலம். பதில் உடனே எழுதுகிறேன், பஸ்ஸில் போகும் அப்துல் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கெட்ட செய்தி சொல்லவா இங்கிலீஷில் ஆள் இல்லை! ஒரு பக்கம் முழுக்க அதுதான் வேலையாக இருக்கிறது. எழுதிக்கொள்: 'வித் ப்ரோஃபவுண்ட் க்ரீஃப் வீ இன்ஃபார்ம் த சாட் அண்ட் அன்டைம்லி டிமைஸ் ஆஃப் அவர் பிலவட்'. அதாவது, ஆழ்ந்த துக்கத்துடன் தெரிவிப்பது என்னவென்றால், எங்கள் அன்புக்குரிய இன்னது அகாலத்தில் முடிந்துபோனது. 'பிலவட்' பக்கத்தில் உன் சரக்கின் பெயரைப் போட்டுக்கொள். 'ப்ரோஃபவுண்ட்' எப்போதும் 'க்ரீஃப்'போடுதான் வருகிறது. 'சாட்'டும் 'டிமைஸ்'ஸும் பிரியாத தம்பதி. மூன்று சாட்சி கேட்டாயானால் ஒன்பது தருகிறேன்.

இதைவிட மரியாதையாக ஒரு பனியனுக்காக யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள். டென்மார்க்கே கண் கலங்கும்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு,
அனு

*

நல்லூர்.
15.9.2003

அன்பு அனுவுக்கு,

நான் நலம். அம்மா, அப்பா நலமா? நீ எழுதிய மூன்று கடிதமும் வந்தன. பதில் எழுத நேரம் அமையவில்லை, கோபித்துக்கொள்ளாதே. சீசன் வேலை.

உன் வாக்கியத்தை அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. கவனமாகப் படித்தார்கள்.

வேலை நன்றாகப் போகிறது. நீ எப்போதும் எனக்கு அனுப்புகிறாயே, இந்த முறை நான் உனக்குச் சில அனுப்புகிறேன், நோட்டில் ஏற்றிக்கொள். 'வாஷ் வித் லைக் கலர்ஸ்'. 'டூ நாட் அயர்ன் ஆன் ப்ரிண்ட்'. 'ஹேண்டில் வித் கேர்'. 'திஸ் சைட் அப்'. 'கீப் ட்ரை'. இவற்றுக்கெல்லாம் மூன்று சாட்சி இல்லை, மூவாயிரம் சாட்சி உண்டு. தினமும் பார்க்கிறேன்.

காத்தூன் அக்கா உன்னைக் கேட்டதாகச் சொன்னார். நான் அவரிடம் உன் ஆட்டுக் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

அப்பாவிடம், மேசை பார்க்க இப்போது வர வேண்டாம் என்று சொல். எல்லோரும் வேலையாக இருக்கிறார்கள்.

அக்கா

*

உடுமலைப்பேட்டை.
20.9.2003

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நான் மட்டும் இல்லை.

மூன்று மாதமாகப் பருப்புக் காகிதம் படித்ததில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒரு வாக்கியத்தைப் பார்த்தால், அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். விளையாட்டுப் பக்கத்து ஜோடிகள் விலைவாசிப் பக்கத்தில் வருவதில்லை. கல்யாண விளம்பரத்தில் இருப்பது கோர்ட்டுச் செய்தியில் இல்லை. (சில நாள் கழித்து வருகிறது, அது வேறு.)

உன் ஐந்து வாக்கியங்களையும் நோட்டில் எழுதிவிட்டு, பக்கத்தில் 'எங்கிருந்து' என்று எழுதப் பேனாவை வைத்தேன். முதலாவதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று என் சிவப்பு பனியனைக் கழற்றிப் பார்த்தேன். சந்தையில் வாங்கினோமே, எக்ஸ்போர்ட்டில் கழித்தது, அதுதான். கழுத்துப் பட்டையில் இருக்கிறது, 'வாஷ் வித் லைக் கலர்ஸ்'. 'திஸ் சைட் அப்' அழகுமலை அண்ணன் கடை அட்டைப்பெட்டியில் இருக்கிறது. மெயிலில் இதையெல்லாம் யாரும் எழுத மாட்டார்கள், அக்கா. மேலே மேசையில் இருப்பவள் பெட்டியின் விலாவைத் தினமும் ஏன் படிக்க வேண்டும்?

நீ இப்போது எங்கே நிற்கிறாய்? உட்கார்ந்திருக்கிறாயா என்று கேட்கவில்லை. நிற்கிறாய் என்றுதான் தோன்றுகிறது.

நீ பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆகஸ்டில் அனுப்பிய வாக்கியத்துக்கு ஒன்பது சாட்சி இருந்தது உண்மை. ஒன்பதும் ஒரே பக்கத்திலிருந்து. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு போட்டோ, போட்டோவுக்கு மாலை. காலமானவர்கள் பக்கம், அக்கா. எனக்கு எழுதும்போதே தெரியும். நீ சிரித்துவிட்டு, "எருமை" என்று திட்டி ஒரு வரி எழுதுவாய், அடுத்த தபாலில் நல்லதாக ஒன்று அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். அந்த நல்லதும் நோட்டில் இருக்கிறது: 'வீ ரிக்ரெட் த டிலே'. நாலே வார்த்தை. நீ திட்டி எழுதவே இல்லை. நீ அதை அப்படியே அனுப்பிவிட்டாய், இல்லையா?

நீ அகராதியைப் புரட்டுவதில்லை என்று எழுதியிருந்ததை இன்றைக்கு மறுபடி படித்தேன்.

அனு

*

நல்லூர்.
5.10.2003

அனுவுக்கு,

நலமாக இருக்கிறேன். இந்தத் தடவை அது பொய்யில்லை.

உன் கடிதம் வந்த அன்று பதில் எழுதியிருந்தால் அது கடிதமாக இருந்திருக்காது. இரண்டு நாள் உன் பெயரைக்கூட நினைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் குனிந்து பீஸ் அடுக்கிக்கொண்டிருந்தபோது, மாலை போட்ட போட்டோவின் கீழே நாலாயிரம் பனியனை நினைத்தேன். பெட்டிக்குள்ளேயே தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். காத்தூன் அக்கா அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தட்டினார். "ஏம்மா, விடு, எல்லாம் சரியாப் போயிரும்." அப்புறம் நிஜமாகவே அழுதேன்.

நடந்தது இதுதான். கந்தவேல் சார் ஊரில் இல்லை. நான் நீ சொன்னபடியே எழுதி, 'அவர் பிலவட் ப்ளூ, ஃபோர் தவுசண்ட் பீசஸ்' என்று சேர்த்து அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் டென்மார்க் பையர் பிர்கிட் அம்மாவின் பதில் வந்தது. அந்த நாட்டிலும் இங்கிலீஷ் படித்துக் கற்றுக்கொண்டதுதான் போலிருக்கிறது. உங்கள் கடிதம் முழுவதும் விளங்கவில்லை, ஆனால் உங்கள் கம்பெனியில் மிக நெருங்கிய ஒருவர் மறைந்துவிட்டார் என்று புரிகிறது, நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம், குடும்பத்தாருக்கு எங்கள் அனுதாபம், சரக்கு பத்து நாள் கழித்து வந்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள்.

எனக்கு அப்போதும் புரியவில்லை, அனு. பத்து நாள் கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.

மத்தியானம் அந்த அம்மா ஆறுதல் சொல்லப் போனே பண்ணிவிட்டார்கள். எடுத்தது முதலாளி. அவர் தன் பேரைச் சொல்லி, "நான்தான் பேசுகிறேன்" என்றதும் அங்கே சத்தமே இல்லையாம். செத்துப்போனது இவர் என்று நினைத்திருக்கிறார்கள். தான் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதை முதலாளி மூன்று தடவை சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கந்தவேல் சார் வந்து மெயிலைப் படித்தார். "ஏம்மா, சரக்கு லேட்டுன்னு எழுதச் சொன்னா எழவு சொல்லி அனுப்பிச்சிருக்கறே!" என்றார். ஆஃபீஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நாம பொய் சொல்லி நாள் வாங்கினோம்னு அவங்க நெனச்சா என்னம்மா பண்றது? நீ கொஞ்ச நாள் கீழ இரு." நான் என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி. அன்றிலிருந்து பேக்கிங்கில்தான் இருக்கிறேன்.

உன் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தது நீயாக இருக்கலாம், அனுப்பும் பொத்தானை அமுக்கியது என் விரல்.

சீசன் முடிந்ததும் மறுபடி மேலே கேட்டுப் பார்க்கலாம் என்று காத்தூன் அக்கா சொல்கிறார். கேட்பேன். அதுவரை நான் இங்கே இருந்தாக வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே பஸ். பதினாறாம் தேதி வியாழக்கிழமை லோடு வருகிறது, மேசை பார்க்க வருகிறார் என்று தங்கவேலு மாமா மகள் மூலம் கேள்விப்பட்டேன். எப்படியாவது நிறுத்து. உனக்குத்தான் ஆயிரம் தந்திரம் தெரியுமே. ஒன்றை எனக்காகச் செய்.

அக்கா

*

உடுமலைப்பேட்டை.
17.10.2003

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா, அப்பா, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டலாம். இந்தத் தடவை நிஜமாகவே திட்டி எழுது.

நீ கேட்டபடி ஒரு தந்திரம் செய்தேன். புதன்கிழமை சாயங்காலம் அப்பா வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டு ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். "ஏனுங்கப்பா, அக்கா ஆபீஸ்ல வெள்ளை அடிக்கறாங்களாமா. மேசையெல்லாம் வெளிய எடுத்துப் போட்டிருக்கறாங்களாம். ஒரு வாரத்துக்கு யாரையும் உள்ள விடமாட்டாங்களாம்" என்றேன். முகத்தில் ஒரு ரோமம் அசையாமல் சொன்னேன், உனக்குத் தெரியுமே என்னை.

உடனே நம்பிவிட்டார். "அப்படியா கண்ணு? சரி, அடுத்த லோடுக்குப் போயிக்கலாம்" என்றார். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "வெள்ளை அடிக்கறப்ப தூசி பறக்குமே. அவளுக்குத் தூசி ஆகாது. மூக்குல துண்டு கட்டிக்கச் சொல்லி எழுது சாமி" என்றார்.

என்னால் முடியவில்லை, அக்கா. அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காலமானவர்கள் பக்கம், டென்மார்க், நீ கீழே நிற்பது, இரண்டு மாதமாக அதை எழுதாமல் மறைத்தது, எல்லாம். தப்பு என்னுடையது என்பதை முதலிலும் சொன்னேன், கடைசியிலும் சொன்னேன்.

அப்பா என்னை அடிக்கவில்லை. ஆணியில் இருந்த சட்டையை எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். "வரச் சொல்லிரு" என்றார். "நாளைக்கே."

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். இருமிக்கொண்டேதான் வந்தாள்.

"எதுக்குங்க வரச் சொல்றீங்க?"

"உனக்குத் தெரியாதா வெள்ளையம்மா எதுக்குன்னு? நீ இருமறது எனக்குத்தான் ராத்திரியெல்லாம் கேக்குது."

"எனக்குந்தான் கேக்குது" என்றாள் அம்மா. "இருங்க, நாங் கேக்கறேன். அனு, அவ வேல செய்யற எடத்துல சன்னல் இருக்குதா?"

எதற்குக் கேட்கிறாள் என்று எனக்கும் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை. அம்மா சொன்னாள்: "நா இருந்த மில்லுல சன்னலையெல்லாம் அடைச்சு வெச்சிருப்பாங்க. காத்துப் பட்டா நூல் அறுந்துரும்னு. பஞ்சு எங்க போகும்? எங்க மூச்சுக்குள்ளதான் போகும். எட்டு வருசம் நா ஒரு சன்னலத் தொறந்து பாத்ததில்ல. பீஸ் அடுக்கறதுல ஒரு கேவலமும் இல்லீங்க. அவ எடத்துல காத்து வந்தா அவ இருக்கட்டும். வராட்டி நானே போயிக் கூட்டிட்டு வந்தர்றேன்."

அப்பா என் நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு, "எழுதிக் கேளு" என்றார் என்னிடம்.

அக்கா, நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. 'ரெண்டு பெரிய சன்னல் இருக்குதும்மா, தென்னங்காத்து மாதிரி வருதாமா' என்று எவ்வளவு அழகாகச் சொல்லியிருப்பேன் தெரியுமா? அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். நீயும் நிம்மதியாக இருந்திருப்பாய். விழுங்கிவிட்டேன். "எனக்குத் தெரியாதும்மா. கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

உள்ளது எதுவோ அதை எழுது. நான் அப்படியே வாசிக்கிறேன்.

அனுசுயா

*

வீரபாண்டி, கம்பெனியிலிருந்து.
21.10.2003

அனுவுக்கு,

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லிவிட்டு, இதைச் சத்தமாக வாசி.

சன்னல் மூன்று இருக்கிறது. ஒன்றைப் பலகை வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். ஒன்றில் ஃபேன் வைத்திருக்கிறார்கள், அது கரண்ட் இருந்தால் ஓடும். மூன்றாவது திறக்கும், ஆனால் திறந்து வெகு நாளாகியிருந்தது. அதன் முன்னால் காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள், என் மேசை அங்கிருந்து பத்தடி தள்ளி இருந்தது. பனியன் துணியிலும் பஞ்சு பறக்கத்தான் செய்கிறது. அம்மா இருந்த மில் அளவுக்கு இல்லை. இல்லவே இல்லை என்றும் எழுத மாட்டேன்.

உன் கடிதத்தைக் காத்தூன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா சொன்னது வந்ததும், திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு எழுந்து, "ஏன்டி, எல்லாரும் ஒரு கை பிடிங்க" என்றார். ஆறு பேர் சேர்ந்து காலிப் பெட்டிகளைச் சுவரோரம் தள்ளினோம். கொக்கி துருப்பிடித்திருந்தது, தையல் எண்ணெய் விட்டுத் தட்டித் திறந்தோம். என் மேசையை மட்டும் இல்லை, இருமுகிற இன்னொரு பெண்ணின் மேசையையும் இழுத்து வந்து பக்கத்தில் போட்டோம். சத்தம் கேட்டுக் கந்தவேல் சார் மேலேயிருந்து இறங்கி வந்தார். திறந்த சன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மழ வந்தா பெட்டி நனைஞ்சுராதும்மா?" என்றார். "வந்தா நாங்களே சாத்திக்கறோமுங்க சார்" என்றேன். சரி என்று போய்விட்டார். மேலே வரச் சொல்லவில்லை. சீசன் முடிந்ததும் நானே போய்க் கேட்பேன்.

இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சன்னலோரம் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வெளியே ஒரு வேப்பமரம், அதற்குப் பின்னால் சாயப்பட்டறைக் கூரை. சாய நாற்றமும் சேர்ந்துதான் வருகிறது. ஆனால் காற்று வருகிறது. காகிதம் பறக்காமல் இடது கையால் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான் என்று அம்மாவிடம் சொல்.

உன்னைத் திட்ட வேண்டும் என்று கேட்டிருந்தாய். எருமை.

அப்பாவை அடுத்த லோடுக்குக் கட்டாயம் வரச் சொல், அந்த வெள்ளைச் சட்டையிலேயே. வாசலில் வாட்ச்மேன், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார். 'பேக்கிங்ல நாகஜோதி' என்று சொன்னால் போதும், எல்லோருக்கும் தெரியும்.

உங்கள்
நாகஜோதி